மூன்றாவது கியருக்கு ஒரு முட்டி

எங்கள் வீட்டு ஜீப்பில் மூன்றாவது கியர் நிற்காது. ஏற்றத்தில் நிற்கும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர்க்கம்பி ஒரு நடுங்கு நடுங்கி, 'டக்'கென்று பின்னால் விழுந்து நியூட்ரலுக்கு வந்துவிடும். எங்கள் கேமரன் தேயிலை மலையில் இறங்கும்போது வண்டி நியூட்ரலுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதுவரை வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த எஞ்சின் கையை விட்டுவிடும். அதற்கப்புறம் பிரேக் ஒன்றுதான் துணை. எங்கள் பிரேக்கைப் பற்றி நான் எதுவும் எழுதாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

இதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஜீப்பின் முன்பக்கம் மூன்று சீட்டு. வலது ஓரத்தில் ஓட்டுகிறவர், என் மாமனார். நடு சீட்டில் என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். கியர்க்கம்பி நடு சீட்டுக்கு நேர் எதிரே நிற்கும். இறக்கம் தொடங்குகிற இடத்தில் மாமனார் மூன்றாவதைப் போட்டுவிட்டு, "ம்" என்பார். அத்தை வலது முட்டியை முன்னால் தள்ளி, கம்பிக்குப் பின்னால் முட்டுக் கொடுப்பார். கம்பி அசையாது. கீழே மெயின் ரோட்டைத் தொட்டதும் மாமனார் "சரி" என்பார். அத்தை முட்டியை எடுத்துக்கொள்வார். வண்டிக்குள் அவர்கள் இரண்டு பேரும் வேறு எதுவும் பேசிக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்யாணமான நாளிலிருந்து இருபது வருஷமாக மாமனார் வீட்டிலேயே இருக்கிறேன். சரியாகச் சொன்னால், தோட்டம் எனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் அவர் இருக்கிறார். யார் வீட்டில் யார் இருக்கிறோம் என்பது இன்றைக்கும் முடிவாகாத விஷயம். அவர் தோட்டத்து டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கு வெகுகாலம் முன்பே, துரை கழித்துவிட்ட ஒரு பழைய ஜீப்பை, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வகையை, வாங்கி வாசலில் நிறுத்தினார். வாங்கும்போதே மூன்றாவது நிற்காதாம். முதல் நாள் டவுனுக்கு இறங்கும்போதே அத்தையின் முட்டி அங்கே போய்விட்டதாம். அதற்கப்புறம் அதை ஒரு பழுது என்று யாரும் நினைக்கவில்லை.

ஜீப்புக்கு முக்கியமான வேலை ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்குத் தோட்டத்து லோரி ஓடாது. மேல் லைன் வீடுகளில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். நம்மவர்களில் மிச்சம் இருப்பது வயதான ஆறு அம்மாக்கள். பூசைக்கு ரிங்லெட் சர்ச்சுக்குப் போயாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள். மாமனார் முதலில் மேலே ஏறி அவர்களைப் பின்பக்கத்துப் பலகைச் சீட்டில் ஏற்றிக்கொண்டு, எங்களையும் வழியில் அள்ளிக்கொண்டு இறங்குவார். மனைவி அம்மாக்களோடு உட்காருவாள். நான் பின்கதவோரம். முன்னாலிருந்து "ம்" கேட்கும். எட்டு நிமிஷம் கழித்து "சரி" கேட்கும். பதினெட்டு வருஷம் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தைக்குக் காய்ச்சல் வந்த மூன்று நாலு தடவை நடு சீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். முட்டியை வைக்கிறதுக்கும் ஒரு பக்குவம் வேண்டும். ரொம்பத் தள்ளினால், தேவைப்படும்போது மாமனாரால் இரண்டாவதுக்கு மாற்ற முடியாது. லேசாக வைத்தால் 'டக்'. நான் வைத்தபோதெல்லாம் டக். "மாப்ள, மெஷினு பக்கமே வேல செய்யுங்க, வண்டி பக்கம் வராதீங்க லா" என்று மாமனார் சிரித்தார். பின்னால் அம்மாக்களும் சிரித்தார்கள். நானும் கூடவே சிரித்துவைத்தேன்.

அத்தை இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. நெஞ்சுவலி என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை இருந்தார், அதற்கு மேல் இல்லை. கடைசி ஆறேழு வருஷம் அவருக்கு வலது முட்டி வீங்கியே இருந்தது. ராத்திரி படுக்கும்முன் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துக்கொள்வார். "மலையில கொழுந்து எடுத்த காலு, வேற எப்படி இருக்கும்?" என்பார். டாக்டரும் வயசு என்றுதான் சொன்னார்.

அத்தை போனதற்கப்புறம் மாமனார் நடு சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. சண்டை போட்டுத் தடுத்தார் என்று சொல்ல முடியாது. யாராவது அந்தப் பக்கம் ஏறப் போனால், "பின்னால வசதியா இருக்கும் லா" என்பார். அவ்வளவுதான். மூன்றாவதை அவரே இடது கையால் பிடித்துக்கொண்டார். வலது கை மட்டும் ஸ்டீரிங்கில். பின்னால் வயதான அம்மாக்கள் ஆறு பேர், என் மனைவி, நான். பாதை ஒரு வண்டி போகிற அகலம். ஒரு பக்கம் தேயிலைச் செடி, மறுபக்கம் ஒன்றும் இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேயிலை பார்க்க வந்த யாரோ ஒருவருடைய கார் வளைவில் எங்களுக்கு எதிரே ஏறி வந்தது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு எங்கள் தோட்டத்து ரோடு பார்க்கு மாதிரி. மாமனார் ஒற்றைக் கையால் ஒடித்தார். ஒடிந்தது பாதிதான். இன்னொரு கை கியரை விட்டு வந்து சேர்வதற்குள் கியர் விழுந்து, வண்டி ஓடி, முன்சக்கரம் ரோட்டோர லோங்காங்கில் இறங்கி நின்றது. நல்லவேளை, செடிப் பக்கத்து வாய்க்கால். பின்னால் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். ஒரு அம்மாவின் கண்ணாடி உடைந்தது. இன்னொருவருக்கு மணிக்கட்டு வீங்கியது. இறங்கும்போது எல்லோரும் "ஆண்டவர் காப்பாத்தினாரு" என்றார்கள். ஆனால் அடுத்த ஞாயிறு இரண்டு பேர் வண்டிக்கு வரவில்லை.

என் மனைவி அப்பாவிடம் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சாவியை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, ரெண்டு கையும் ஸ்டீரிங்கில இருக்கணும். இல்லன்னா இனிமே வண்டி எடுக்கக்கூடாது."

"அப்ப கியர யாரு பிடிக்கிறது?"

"யாராச்சும் நடு சீட்டுல ஒக்காரட்டும்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இல்லன்னா கியர் பெட்டியத் தொறந்து சரி பண்ணட்டும். வீட்டுல ஒரு ஃபிட்டரு இருக்காருல்ல?" என்று என் பக்கம் கையைக் காட்டினாள்.

எனக்குக் கோபம் வந்தது. இருபது வருஷமாக ஒரு ஃபிட்டர் வீட்டில் இருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் இவர்களுக்குத் தெரிகிறதா என்று. ஆனால் மாமனாருக்கு வண்டி என்பது ஞாயிற்றுக்கிழமைதான், ஞாயிற்றுக்கிழமை என்பது வண்டிதான். சாவி போய்விட்டால் அந்த மனிதர் வாசலில் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு அம்மாக்களும் அவரவர் வீட்டிலேயே ஜெபமாலை சொல்லிக்கொள்வார்கள். சரி, திறக்கிறேன் என்றேன்.

"நம்ம கொட்டாயிலயே தொறங்க மாப்ள. எம்முன்னாலயே தொறங்க," என்றார் மாமனார். அதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை.

மழைக்காலம் பார்த்து ஒரு வாரம் லீவு போட்டேன். கொழுந்து குறைவு, ஆலையில் என்னைத் தேட மாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஆபீஸ் கிராணியிடம் சொல்லி ஆலையிலிருந்து பாரம் தூக்குகிற ஒரு செயின் பிளாக் வாங்கிவந்து உத்தரத்தில் மாட்டினேன். இந்த வகை ஜீப்பில் கியர்பாக்ஸைக் கீழே இறக்க முடியாது. சீட்டுகளைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் இருக்கிற தகரப் பெட்டியைக் கழற்றி, தரைத்தகடுகளைக் கழற்றி, வண்டிக்கு உள்ளேயிருந்து மேலே தூக்கி, கதவு வழியாக வெளியே எடுக்க வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து பீரோவை எடுக்கிற வேலைதான். பீரோவில் எண்ணெய் ஒழுகாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

முதல் நாள் முழுக்க போல்ட்டுகளோடு சண்டை. பாதி துருப்பிடித்து வட்டமாகிவிட்டன. நடு சீட்டைத் தூக்கியபோது அடியில் பெப்பர்மிண்ட் தாள்கள் கிடந்தன. பிரசங்கம் நீளும்போது அத்தை வாயில் போட்டுக்கொள்வார். மாமனார் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். பிறகு காய்கறிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, நான் எதைத் தொட்டாலும் "மெதுவா" என்றார். ஸ்பேனரை எடுத்தால் மெதுவா. வைத்தால் மெதுவா. இரண்டாம் நாள் மத்தியானம், செயினில் தொங்கிக்கொண்டு கியர்பாக்ஸ் கதவு வழியாக வெளியே வந்தபோது அவர் "மெதுவா" என்பதையே மறந்துவிட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தேன். எண்ணெய் கறுப்பாக வந்தது, உள்ளே இரும்புப் பொடி மினுங்கியது. ஒவ்வொரு சாமானாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பழைய பேப்பரின் மேல் வரிசையாக வைத்தேன். பேரிங்குகள் ஆடின. மாமனாருக்குச் சந்தோஷம். "அதான்!" என்றார். தண்டைச் சுற்றியிருக்கிற வளையம், ஒரு புஷ், தேய்ந்திருந்தது. "அதான்!" பெரிய நோய் ஏதாவது இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் பாடுபட்டதற்குத் தகுந்த மாதிரி ஒரு நோய்.

அப்புறம் மூன்றாவது கியரை நகர்த்துகிற ஃபோர்க் கைக்கு வந்தது. கவட்டை மாதிரி ஒரு துண்டு. கியர்க்கம்பியை முன்னால் தள்ளினால், உள்ளே இதுதான் நகர்ந்து கியரைச் சேர்க்கும். அதன் ஒரு முகம் புதுசு மாதிரி தடிமனாக இருந்தது. மறுமுகம் தகடாகத் தேய்ந்திருந்தது. கியர் சேர்ந்த பிறகு இந்த ஃபோர்க்கில் உரசலே இருக்கக்கூடாது. யாரோ கம்பியை ஒரே பக்கமாக, வருஷக்கணக்கில், விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் இப்படித் தேயும்.

அது விளைவு. காரணம் எங்கே என்று தேடினேன். ஃபோர்க் ஏறி நிற்கிற தண்டில் ஒரு சின்னக் குழி இருக்கும். கியர் சேர்ந்ததும் ஒரு இரும்பு உருண்டை, குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரியது, அந்தக் குழியில் போய் உட்கார்ந்து தண்டை நகரவிடாமல் பிடிக்கும். உருண்டையை அழுத்திப் பிடிக்க அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். மூடியைக் கழற்றினேன். உருண்டை வந்தது. ஸ்பிரிங் இரண்டு துண்டாக வந்தது. துரு பிடித்த உடைசல். எப்போதோ, ஜீப் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே, உடைந்திருக்கிறது.

எனக்கு முன்கோபம். ஆலையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மெஷின் சின்னக் காரணத்துக்காகப் பாழாகியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வாய் நிற்காது. இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்து மாமனார் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்க மாமா. பேனாவுல இருக்கிற ஸ்பிரிங்கு மாதிரி ஒரு ஸ்பிரிங்கு. பெட்டியக்கூட இறக்க வேணாம், மேல மூடியத் தொறந்து அரை மணி நேரத்துல மாத்தியிருக்கலாம். இதுக்குப் போயி வருஷக்கணக்கா முட்டியத் தேச்சிருக்காங்க. முட்டிய வச்சு வச்சே மிச்சம் இருந்த ஃபோர்க்கையும் கொன்னுட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் யாருடைய முட்டி என்பது எனக்கு உறைத்தது. அவர் கையில் காப்பி இருந்தது. கோப்பையைக் கூடைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். என் உள்ளங்கையிலிருந்து ஸ்பிரிங் துண்டுகளை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்து, திரும்ப என் கையிலேயே வைத்தார். எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது, தலையில் துண்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அவர் கொட்டகைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சாப்பிட உட்காரும்போது என்னைப் பார்க்காமல் சாப்பிட்டார். என் மனைவி நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "ஒங்களுக்கு வாயில ஒரு ஸ்பிரிங்கு போடணும்," என்றாள். நான் சாமான் வாங்க ஈப்போ டவுனுக்கு இறங்கினேன்.

பழைய சாமான் கடையில் ஒரு வயதான சீனர். பட்டியலைக் கொடுத்தேன். கேமரனா என்று மலாயில் கேட்டார். ஆமாம். மூன்றாவதா? ஆமாம். சிரித்தார். மேலேயிருந்து வருகிற வண்டி எல்லாம் மூன்றாவதுக்குத்தான் வருகிறது என்றார். பிறகு, "யார் பிடிக்கிறது? பினியா?" என்றார். பினி என்றால் பெண்டாட்டி. இல்லை, மாமியார் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்பிரிங்கைத் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றி என் சட்டைப் பையில் அவரே போட்டார், தொலைத்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. திரும்பி வருகிற வழி முழுக்க அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. சட்டைப் பை ஸ்பிரிங்கைச் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் மாமனார் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"மாப்ள, ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க மாமா."

"நீங்க ஃபிட்டருதானே?"

அது கேள்வி இல்லை என்று தெரிந்தது.

"எனக்கு ஓட்டத்தான் தெரியும். உள்ளார என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க இருவது வருஷம் பின்னாலயே ஒக்காந்து வந்தீங்களே."

குரலை உயர்த்தவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அதற்குப் பதில் எதிர்பார்க்காமல் திரும்பிப் போனார்.

அவர் சொன்னது சரி. ஆலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தும்போதே, உள்ளே எந்த ரோலரில் பேரிங் போகிறது என்று எனக்குக் காதில் விழும். அதற்காகத் துரை என்னைப் பாராட்டியிருக்கிறார். அதே காதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் "ம்" கேட்டேன், "சரி" கேட்டேன். அது ஒரு மெஷின் சத்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. புருஷன் பெண்டாட்டி வழக்கம் என்று நினைத்துவிட்டேன். அத்தை எண்ணெய் தேய்த்துக்கொள்வதையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. முட்டி போனது இதனால்தானா, மலைச்சரிவால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

பெட்டியை மூட இரண்டு நாள் ஆனது. தனியாகத்தான் செய்தேன். கடைசியில் அந்த உருண்டையை உள்ளே போட்டு ஸ்பிரிங்கை வைத்து மூடியை முடுக்கும் நேரம், ஸ்பிரிங் எகிறி உருண்டை எங்கேயோ தெறித்துவிட்டது. மண்டியிட்டுத் தேடினேன். வண்டிக்கு அடியில், பலகைக்கு அடியில், எண்ணெய்ச் சட்டிக்குள். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். சத்தம் கேட்டு மாமனார் வந்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த கூடையை மெதுவாக நிமிர்த்தினார். விளிம்பின் இடைவெளி வழியாக உருண்டு போய், உருண்டை அங்கே இருந்தது. எடுத்து, தன் சட்டையில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

"மெதுவா," என்றார்.

அப்புறம் கூடையைத் திரும்பக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பெட்டி உள்ளே இறங்கி, சீட்டுகள் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

தேய்ந்த ஃபோர்க்கை நான் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். அவர் கேட்பார் என்று நினைத்தேன். பழைய இரும்பு எடுக்க பெசி புரோக் லோரி அந்த வாரம் லைனுக்கு வந்தபோது, பேரிங்குகளைக் கொண்டுபோய்ப் போட்ட மாமனார் என்னிடமிருந்து அதையும் வாங்கிக்கொண்டார். துணியைப் பிரித்துப் பார்த்தார். "இது எதுக்கு?" என்று சொல்லி லோரியில் எறிந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வண்டியை ஓட்டிப் பார்த்தோம். அவர் ஸ்டீரிங்கில், நான் இடது ஓரத்துச் சீட்டில். நடு சீட்டு காலி. மேல் லைன் வரை ஏறித் திரும்பினோம். இறக்கம் தொடங்கியது. மூன்றாவதைப் போட்டார். காலை எடுத்தார். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டது. கம்பி நடுங்கக்கூட இல்லை. அது நின்ற நிற்பைப் பார்த்து எனக்குக் கர்வமாக இருந்தது. ஆனால் அவருடைய இடது கை கம்பியின் மேலேயே இருந்தது.

"கைய எடுங்க மாமா. நிக்கும்."

எடுத்தார். அடுத்த வளைவில் கை திரும்ப வந்து உட்கார்ந்தது.

"மாமா."

"தெரியும் லா."

எடுத்தார். வந்தது. மெயின் ரோடு வருவதற்குள் ஐந்து தடவை சொன்னேன், ஆறாவது தடவை கத்தினேன். அவருக்கே எரிச்சலாக இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. 'டக்' வரும் என்று அந்தக் கை காத்துக்கொண்டிருந்தது. புது பேரிங், புது புஷ், புது ஃபோர்க், புது ஸ்பிரிங் எல்லாம் போட்டாயிற்று. வளைவில் ஸ்டீரிங்கைப் பிடிப்பது மட்டும் பழையபடி ஒற்றைக் கை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என்னைக் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். சொன்னேன்.

"அப்ப ஒரு வாரம் என்னா பண்ணீங்க?" என்றாள். பிறகு, "இந்த ஞாயித்துக்கிழம ஒத்தக் கையில எறங்கினாருன்னா, திரும்பி வந்ததும் சாவி எங்கிட்ட. நான் பேச மாட்டேன், வாங்கி வச்சிருவேன்," என்றாள். செய்யக்கூடியவள்தான்.

ஞாயிறு காலை. பெட்டி சரியாகிவிட்டது என்ற செய்தி மேல் லைனுக்குப் போயிருந்தது. ஆறு அம்மாக்களும் வந்துவிட்டார்கள், கண்ணாடி உடைந்தவர் உட்பட, புதுக் கண்ணாடியோடு. அவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. மனைவி பின்னால் ஏறினாள். போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பின்கதவில் ஒரு காலை வைத்துவிட்டேன். வைத்த காலை எடுத்து, சுற்றிக்கொண்டு முன்னால் போய், இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறினேன். ஓரத்தில் உட்காரவில்லை. நகர்ந்து நடுவுக்குப் போனேன்.

மாமனார் திரும்பிப் பார்த்தார்.

"பின்னால வசதியா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நான் நேரே கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எஞ்சினைக் கிளப்பினார்.

இறக்கம் தொடங்குகிற இடத்தில் மூன்றாவதைப் போட்டார். "ம்" வரவில்லை. வண்டி இறங்கியது. அவர் கை கம்பியை விட்டு ஸ்டீரிங்குக்குப் போகவில்லை. நான் வலது முட்டியை முன்னால் கொண்டுபோய்க் கம்பிக்குப் பின்னால் வைத்தேன். அழுத்தவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். புது ஃபோர்க். அழுத்தினால் தேயும் என்று இந்த மலையில் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

அவர் கை கொஞ்சம் எழும்பியது. அந்தரத்தில் நின்றது.

"அழுத்துங்க மாப்ள," என்றார்.

தொட்டுக்கொண்டிருக்கிற முட்டிக்கும் அழுத்துகிற முட்டிக்கும் உள்ள வித்தியாசம், பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. நான் அழுத்தினேன்.

"ம்," என்றார். அவருடைய இடது கை ஸ்டீரிங்குக்குப் போனது. போய் அங்கேயே இருந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, நாங்கள் லோங்காங்கில் இறங்கிய அந்த வளைவு. எதிரே ஒரு கார் வந்தது. இரண்டு கையாலும் ஒடித்தார், வண்டி அழகாக ஒதுங்கி நின்று வழிவிட்டது. பின்னால் அம்மாக்கள் ஜெபமாலையை நிறுத்தக்கூட இல்லை. இந்த ஃபோர்க் எத்தனை வருஷம் தாங்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். தேயட்டும். தேய்ந்தால் திறக்க ஒரு ஃபிட்டர் வீட்டில் இருக்கிறான்.

மெயின் ரோட்டைத் தொட்டதும், "சரி," என்றார்.

முட்டியை எடுத்தேன். மடக்க முடியாமல் வலித்தது. எட்டு நிமிஷ இறக்கம்தான். அத்தை வண்டியில் ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை.